சூடு என்ற சொல்லுக்கு இரண்டு பொருள்

2024ஆம் ஆண்டு ஜூலை மாதக் கடைசி. பாரிஸ் நகரில் ஒலிம்பிக் விளையாட்டுக்கள் நடந்துகொண்டிருந்தன. இந்தியாவின் மனு பாக்கர் என்ற யுவதி பத்து மீற்றர் காற்றுக் கைத்துப்பாக்கிப் போட்டியில் வெண்கலப் பதக்கம் பெற்ற செய்தி வந்த மறுநாள், கல்முனையில் நான் நடத்தும் மாலை வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து கேட்டான்: "சேர், துவக்கால சுடுறதும் விளையாட்டா?"

பத்தாந் தரத்து மாணவன். கல்முனைக்குடியிலிருந்து வருபவன். பகடிக்குக் கேட்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "வீட்ட இதைப் பார்க்க விடல்ல சேர். எங்க உம்மாவுக்கு அந்தச் சத்தமே ஆகாது" என்றும் சொன்னான். வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் கலந்திருந்தார்கள். எவரும் சிரிக்கவில்லை. இந்த மண்ணில் எந்த வீட்டுத் தாயாருக்கும் அந்தச் சத்தம் ஆகாது என்பது அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்காமலே தெரியும். "நாளைக்குச் சொல்லுறன்" என்று சொல்லி வகுப்பை முடித்தேன். ஆனால் ஒரு நாளில் சொல்லிவிடக்கூடிய பதிலாக அது இருக்கவில்லை. தேடிப் படித்தும், பெரியவர்களிடம் கேட்டும் நான் திரட்டிக்கொண்ட பதிலையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

தமிழாசிரியனுக்குத் தெரிந்த வழி சொல்லில் இருந்து தொடங்குவதுதான். 'சூடு' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதியின் வயல் வழக்கில் இச்சொல்லுக்கு ஒரு தனிப்பொருள் உண்டு. வெள்ளாமை வெட்டிய பின் கதிர்களைக் கொண்டுவந்து குவித்து அடுக்கும் போருக்குச் 'சூடு' என்று பெயர். 'சூடு வைத்தல்', 'சூடு மிதித்தல்', 'சூடடித்தல்' என்பன எல்லாம் நமது வட்டைகளில் வழங்கிய சொற்கள். எருமைகள் சுற்றிவர, இரவு முழுவதும் களத்தில் பாட்டொலி கேட்க, நெல் பொலியும் மங்கலமான வேளை அது. அறுவடை இயந்திரம் வந்த பின் களமும் போயிற்று, சூடும் போயிற்று. இன்றைய பிள்ளைக்குச் 'சூடு' என்றால் 'துப்பாக்கிச் சூடு' ஒன்றுதான். நெல்லைக் குறித்த பொருள் மறைந்து, சாவைக் குறித்த பொருள் எஞ்சியது நமது காலத்தின் வரலாறு.

'துவக்கு' என்ற சொல்லும் 'துப்பாக்கி' என்ற சொல்லும் துருக்கி மொழியில் இருந்து கிளைத்து வந்தவை. துருக்கியில் 'துஃபெக்' என்பர். சிங்களத்திலும் அது 'துவக்குவ' ஆயிற்று. சுடுவதை நமது பக்கத்தில் 'வெடி வைப்பது' என்கிறோம். வேட்டைக்குப் போகிறவன் 'வெடிக்காரன்'. இவை எல்லாம் கருவி வந்த பின் வந்த சொற்கள். ஆனால் 'குறி', 'இலக்கு' ஆகிய இரண்டும் அதற்கு மிக முந்தியவை. வில்லும் அம்பும் இருந்த காலத்திலேயே அவை இருந்தன. இலக்கியம் என்ற சொல்லுக்கு உள்ளேயே இலக்கு இருக்கிறதல்லவா? ஒன்றைக் குறியாகக் கொண்டு, மனத்தை அதில் நிறுத்தி, சொல்லை விடுகின்றவன் புலவன். அம்பை விடுகின்றவன் வில்லாளி. இருவருக்கும் வேண்டியது ஒரே அடக்கந்தான்.

கல்முனைக்கு அருகே பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் ஆலயம் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். ஆண்டுதோறும் அங்கு மகாபாரதக் கதை ஒரு விழாவாகவே நடக்கிறது. வனவாசம், அருச்சுனன் தவநிலை, தீமிதிப்பு என்று ஊரே அதில் கலந்துகொள்கிறது. அந்தத் திரௌபதையின் திருமணமே ஒரு குறிபார்க்கும் போட்டியில் முடிவானதுதான். மேலே சுழலும் மீனை, கீழே நீரில் தெரியும் அதன் நிழலைப் பார்த்து அருச்சுனன் வீழ்த்தினான் என்பது நம்மவரிடையே பரவலாகச் சொல்லப்படும் கதை. மரத்திலிருந்த குருவியைக் காட்டித் துரோணர் கேட்ட கேள்வியும் எல்லாரும் அறிந்ததே. மற்றவர்களுக்கு மரமும் கிளையும் தெரிந்தன. அருச்சுனனுக்குப் பறவையின் தலை மட்டும் தெரிந்தது. அதிலே ஒரு நுட்பம் உண்டு. துரோணர் மரத்தில் வைத்தது உயிர்ப் பறவை அல்ல. செய்து வைத்த பொம்மைப் பறவை. பயிற்சிக்கு உயிர் வேண்டாம் என்பது அந்த ஆசிரியருக்குத் தெரிந்திருந்தது.

இதை எனது நண்பரான மௌலவி ஆசிரியர் ஒருவரிடம் சொன்னபோது, அவர் தமது பக்கத்திலிருந்து ஒரு செய்தியைச் சொன்னார். அம்பெய்யப் பழகுவதை இஸ்லாம் ஊக்குவித்திருக்கிறது. ஆனால் அதே மார்க்கம் அதற்கு ஒரு வேலியும் கட்டியிருக்கிறது. குறைஷி இளைஞர்கள் சிலர் ஒரு பறவையைக் கட்டிவைத்து அதன்மேல் அம்பெய்து விளையாடிக்கொண்டிருந்தார்களாம். குறி தவறிய அம்புகள் பறவையின் சொந்தக்காரனுக்கு என்பது அவர்கள் செய்துகொண்ட ஏற்பாடு. அவ்வழியே வந்த இப்னு உமர் அவர்களைக் கண்டதும் அவர்கள் சிதறி ஓடினார்கள். உயிருள்ள எதையும் இலக்காக வைப்பவரை நபிகளார் சபித்திருப்பதாக அவர் எடுத்துச் சொன்னார் என்பது ஹதீஸ் தொகுப்புக்களில் உள்ள செய்தி. பொம்மைப் பறவையை வைத்த துரோணரும், கட்டிவைத்த பறவைக்காகக் கோபித்த இப்னு உமரும் எனக்கு அன்று ஒரே திண்ணையில் அமர்ந்திருப்பதுபோலத் தோன்றியது.

இனி, துவக்கு நமது கரைக்கு வந்த கதைக்கு வருவோம். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கேயர் கொழும்புக்கு வந்தபோது அவர்களுடைய பீரங்கியின் ஓசை இடியிலும் பெரிதாக இருந்ததைச் சிங்கள வரலாற்று நூலாகிய இராஜாவலிய வியப்போடு குறித்து வைத்திருக்கிறது. வியந்தவர்கள் வியப்போடு நின்றுவிடவில்லை. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் இலங்கைக் கொல்லர்கள் துவக்குக் குழல் வார்ப்பதில் ஐரோப்பியரே புகழும் தேர்ச்சியைப் பெற்றுவிட்டார்கள். ஒல்லாந்தப் பயணி லின்ஸ்கோட்டன் இங்கு செய்யப்படும் குழல்களின் அழகையும் பளபளப்பையும் பற்றிச் சிறப்பித்து எழுதினார்.

கிழக்குக் கரையின் வரலாற்றில் 1626ஆம் ஆண்டு மறக்க முடியாதது. தம் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளில் இருந்து முஸ்லிம்களைப் போர்த்துக்கேயர் வெளியேற்றினர். கண்டி மன்னன் செனரத் அவர்களுக்கு இடமளித்து, ஏறக்குறைய 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்று போர்த்துக்கேயரின் வரலாற்றுக் குறிப்புக்களே கூறுகின்றன. ஏற்கெனவே இங்கு வாழ்ந்த தமிழரோடும் முஸ்லிம்களோடும் அவர்கள் கலந்தார்கள். தாய்வழிக் குடிமுறையை இன்றும் இரு சமூகத்தாரும் பேணுவது அந்தக் கலப்பின் சாட்சி. துவக்கின் வலிமையால் துரத்தப்பட்டவர்களுக்கு ஏர் பிடிக்க நிலம் கிடைத்த இடம் இது என்பதை நாம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 1638ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒல்லாந்தர், இரண்டாம் இராஜசிங்கனின் படைத்துணையோடு மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். பீரங்கி கைமாறியது, வட்டை அப்படியே இருந்தது.

கண்டி மன்னருக்கு லெவ்கே திசாவை அன்பளிப்புச் செய்த பீரங்கி ஒன்று உண்டு. வெண்கலக் குழலில் பொன்னும் வெள்ளியும் மாணிக்கக் கற்களும் பதித்த சிறிய சடங்குப் பீரங்கி அது. 1765இல் ஒல்லாந்தர் கண்டியைச் சூறையாடியபோது அதை எடுத்துச் சென்றனர். நெடுங்காலம் ஆம்ஸ்டர்டாம் அரும்பொருட்காட்சியகத்தில் இருந்த அது, 2023ஆம் ஆண்டு இறுதியில் கொழும்புக்குத் திரும்பி வந்தது. அதனோடு வந்த பொருள்களில் 'மஹா துவக்கு' எனப்படும் பெரிய துப்பாக்கிகள் இரண்டும் இருந்தன. கொல்வதற்கென்று பிறந்த ஒரு கருவியை அழகுக்கும் மரியாதைக்கும் உரிய பொருளாக மாற்ற மனிதன் அந்நாளிலேயே முயன்றிருக்கிறான். இந்த முயற்சியின் இன்னொரு முகமே குறிபார்த்துச் சுடும் விளையாட்டு என்பது எனது எண்ணம்.

ஆனால் அந்த இடத்துக்கு வருவதற்கு முன் ஒரு கொடிய காலம் கடந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் வேட்டை என்பது கனவான்களின் பொழுதுபோக்கு. மேஜர் ரொஜர்ஸ் என்பவர் 1400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று எமர்சன் டெனன்ட் எழுதினார். அந்த ரொஜர்ஸ் 1845இல் மின்னல் தாக்கி இறந்தார். சாமுவேல் பேக்கர் என்பவர் நுவரெலியாவில் குடியிருந்துகொண்டு கிழக்கின் காடுகள்வரை வந்து வேட்டையாடியதைப் பற்றி நூலே எழுதினார். அரசாங்கமும் யானைத் தலைக்குச் சில சில்லிங் சன்மானம் அறிவித்தது. 1848க்கு முந்திய மூன்றாண்டுக்குள் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3500 யானைகள் கொல்லப்பட்டன என்பது டெனன்ட் தரும் கணக்கு. அதே டெனன்ட் மற்றொரு கூட்டத்தாரையும் பற்றி எழுதுகிறார். அவர்கள் துவக்கு இல்லாமல், கயிற்றை மட்டும் நம்பி யானையின் காலடியைத் தொடர்ந்து போய் உயிரோடு பிடிக்கும் சோனகப் பணிக்கர்கள். ஏறாவூர்ப் பணிக்கர்களின் பெயர் நமது பக்கத்தில் இன்றும் பேசப்படுகிறது. 1400 யானைகளைக் கொன்றவனின் குறி பெரிதா, கயிற்றுச் சுருக்கை ஓடும் யானையின் ஒரு காலில் இட்டவனின் குறி பெரிதா? நேயர்கள் சிந்திக்கலாம்.

கனவான்கள் யானையைத் தேடிக் காட்டில் அலைந்த அதே 1845இல், பாரிஸ் நகரில் ஃபுளோபேர் என்ற துப்பாக்கித் தொழிலாளர் மிகச் சிறிய ஒரு தோட்டாவை உருவாக்கினார். வீட்டு மண்டபத்திலும் தோட்டத்திலும் பலகையில் குறிபார்த்துச் சுட்டு விளையாடவே அது பயன்பட்டது. பின்னர் 1857இல் அமெரிக்காவின் ஸ்மித் அன்ட் வெசன் கம்பனி அந்த வழியில் 0.22 அங்குலத் தோட்டாவைக் கொண்டுவந்தது. 1887இல் அதன் நீண்ட வடிவம் வந்தது. இன்றுவரை உலகெங்கும் இலக்குச் சுடுவோர் கையாளுவது அதையே. அதன் ரவை இரண்டரைக் கிராமுக்குச் சற்றுக் கூடுதலான நிறையுடையது. யானைத் துவக்கின் குண்டோடு ஒப்பிட்டால் கடுகு.

இந்தத் தோட்டாவின் அமைப்பு எளியது. பெரிய தோட்டாக்களில் தீமூட்டும் மருந்து அடிப்பாகத்தின் நடுவில் ஒரு தனிக் கிண்ணத்தில் இருக்கும். இதிலோ அது அடிப்பாகத்தின் விளிம்பு மடிப்புக்கு உள்ளே சுற்றிவர அடைக்கப்பட்டிருக்கும். துப்பாக்கியின் ஊசி விளிம்பில் தட்டியதும் தீப்பிடிக்கும். செய்வது சுலபம், அதனால் விலையும் குறைவு. ஒரு முறை சுட்டால் வெற்றுக் கூட்டை மீண்டும் நிரப்ப முடியாது. உதைப்பு மிகச் சொற்பம், ஓசையும் குறைவு. ஆயினும் இதை விளையாட்டுப் பொருளென்று நினைத்துவிடக் கூடாது. உயிரைப் பறிக்க இந்தக் கடுகும் போதும்.

இத்தோட்டாவைப் பயன்படுத்தும் கருவிகளில் ஒரு விசித்திரமான இனம் உண்டு. கைத்துப்பாக்கியின் பிடி, ஆனால் மேற்பாகம் சிறிய ரைபிளின் பூட்டு. கதவுத் தாழ்ப்பாளைப்போல ஒரு பிடியைத் தூக்கி, பின்னே இழுத்து, தோட்டாவை வைத்து, முன்னே தள்ளி, கீழே மடக்க வேண்டும். சிறிய ரைபிளின் பாகங்களையே கொண்டு செய்வதால், அமெரிக்கா போன்ற நாடுகளில் இவற்றில் சில குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. மேலே ஒரு தொலைநோக்கிக் குழாயையும் பூட்டிக்கொள்வார்கள். நான் இதைத் தொட்டவன் அல்லன். படித்தும் படங்களில் பார்த்தும் அறிந்ததே. ஆனால் படிக்கப் படிக்க, இதன் குறைகளே இதன் சிறப்பு என்பது விளங்கிற்று. வேகமாகச் சுட இதனால் முடியாது. ஒவ்வொரு வெடிக்கும் இடையில் நான்கு அசைவுகள் வேண்டும். அந்த இடைவெளியில் கோபம் தணியும், மூச்சு ஆறும், முன் வெடியில் எங்கே பிழைத்தோம் என்று நினைத்துப் பார்க்க நேரம் கிடைக்கும்.

தொலைநோக்கியும் அப்படித்தான். தூரத்துப் பொருளைக் கிட்டக் கொண்டுவருவதால் குறி சுலபமாகிவிடும் என்று நாம் எண்ணுகிறோம். உண்மை வேறு. நாலு மடங்கு பெருப்பிக்கும் கண்ணாடி இலக்கை மட்டுமன்று, கையின் நடுக்கத்தையும் நாலு மடங்கு பெருப்பித்துக் காட்டும். ரைபிளைத் தோளில் அணைத்துக்கொள்ளலாம். கண்ணாடி கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும். கைத்துப்பாக்கியையோ நீட்டிய கையில் பிடிக்க வேண்டும். எனவே அதற்கென்று ஒரு முழத் தூரத்திலிருந்தும் பார்க்கக்கூடிய வில்லைகளை அமைக்கிறார்கள். அதன் வழியே பார்ப்பவன் முதலில் காண்பது இலக்கை அல்ல. தன் நெஞ்சின் துடிப்பையும் மூச்சின் ஏற்ற இறக்கத்தையுமே. நீரில் நிழலைப் பார்த்து மீனை எய்த அருச்சுனனுக்கும் இதே சோதனை இருந்திருக்கும். நீர் அசைந்தால் மீனும் அசையும். முதலில் நீரை நிறுத்த வேண்டும்.

ஒலிம்பிக் போட்டிகளில் கைத்துப்பாக்கிக்குத் தொலைநோக்கி அனுமதியில்லை. ஐம்பது மீற்றர் கைத்துப்பாக்கிப் போட்டி 1896இல் முதலாவது நவீன ஒலிம்பிக்கின் பின் பல ஒலிம்பிக்குகளில் நடந்து, 2016 றியோவோடு முடிவுற்றது. ஒரு கையை மட்டும் நீட்டி, வெறுங்கண்ணால் பார்த்து, ஒவ்வொன்றாகத் தோட்டா இட்டு 60 முறை சுட வேண்டும். ஐம்பது மீற்றருக்கு அப்பால் பத்துப் புள்ளிக்குரிய வட்டம் 50 மில்லிமீற்றர். நமது சிறிய தேநீர்க் குவளையின் வாயளவு. தென்கொரியாவின் ஜின் ஜொங்-ஓ 2008, 2012, 2016 என மூன்று ஒலிம்பிக்கிலும் இதில் தங்கம் வென்றார். நமது நாட்டின் மங்கல சமரக்கோன் 2012இல் இலண்டனில் ஐம்பது மீற்றர் ரைபிள் போட்டியில் இதே சிறிய தோட்டாவோடு நின்றார். தெஹானி எகொடவெல டோக்கியோவில் காற்று ரைபிளோடு நின்றார். கடலூரில் பிறந்த தமிழ்ப்பெண் இளவேனில் வாலறிவன் 2019இல் உலகக் கிண்ணப் போட்டியில் தங்கம் பெற்றார்.

இந்த விளையாட்டின் வரலாற்றில் ஒரு மனிதருடைய கதையை மட்டும் விரித்துச் சொல்ல வேண்டும். அவர் ஹங்கேரி நாட்டுப் படைவீரர் கரோலி தகாக்ஸ். 1936இல் அவர் திறமை வாய்ந்த கைத்துப்பாக்கி வீரர். ஆனால் சாஜன் தரத்தினர் என்பதால் ஒலிம்பிக் அணியில் இடம் கிடைக்கவில்லை. உயர் அதிகாரிகளுக்கே அந்த இடம் என்பது அக்கால விதி. விதி மாறிய பின், 1938இல் பயிற்சியின்போது பழுதான கைக்குண்டு ஒன்று வெடித்து அவரது வலது கையைச் சிதைத்துவிட்டது. சுடும் கை அது. அவர் எவருக்கும் சொல்லாமல் இடது கையால் பழகத் தொடங்கினார். அடுத்த ஆண்டே தேசியப் போட்டியில் வந்து நின்றார். அவருக்கு அனுதாபம் சொல்ல வந்தவர்கள், அவர் போட்டியிட வந்திருக்கிறார் என்று அறிந்து திகைத்தார்கள், அவரோ வென்றார். பின்னர் உலகப்போர் வந்து இரண்டு ஒலிம்பிக்குகளை விழுங்கிற்று. 1948இல் இலண்டனில், தமது 38ஆம் வயதில், 25 மீற்றர் விரைவுச் சூட்டுப் போட்டியில் உலக சாதனையோடு தங்கம் பெற்றார். 1952இல் ஹெல்சிங்கியில் மீண்டும் தங்கம்.

ஏகலைவனின் கதையை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் கட்டைவிரலை இழந்த பின் அவன் என்ன செய்தான் என்று பிள்ளைகள் கேட்பார்கள். மற்ற விரல்களால் எய்யப் பழகினான், ஆனால் பழைய வேகம் வரவில்லை என்கிறது பாரதம். தகாக்ஸின் வாழ்க்கை அந்தக் கதைக்கு வேறொரு முடிவை எழுதிவைத்திருக்கிறது. ஓர் ஆயுதத்தால் கையை இழந்தவர், இன்னோர் ஆயுதத்தையே எடுத்து, எவரையும் பழிவாங்காமல் ஒரு தாள் வட்டத்தின் நடுவைத் தேடினார். இதை அந்த மாணவனுக்குச் சொல்ல வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

இனி நமது வட்டைக்குத் திரும்புவோம். கல்முனை முதல் பொத்துவில் வரை கடலோரத்தில் ஊர், மேற்கே வயல், அதற்கப்பால் காடு. 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கிக் காடு வெட்டப்பட்டபோது விலங்குகளின் வழித்தடங்களும் குலைந்தன. யானையும் பன்றியும் வெள்ளாமைக்கு எதிரிகளாயின. பன்றியை உண்ணாத முஸ்லிம் விவசாயி பன்றியைத் துரத்தவே துவக்கு வைத்திருந்தான். 1916ஆம் ஆண்டின் சுடுபடைக்கலச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் பெற்று, ஆண்டுதோறும் அதைப் புதுப்பித்து வைத்திருந்த ஒற்றைக் குழல் துவக்கு அது.

சம்மாந்துறையில் எனது தந்தையாருக்குப் போடியார் ஒருவர் நண்பர். தந்தையார் அவரைக் 'காக்கா' என்பார். நான் 'மாமா' என்பேன். அவரது துவக்கை நான் கண்டதில்லை. நாடு குழம்பத் தொடங்கிய காலத்திலேயே அதை உரிய இடத்தில் ஒப்படைத்துவிட்டார். நான் கண்டது சுவரில் அது தொங்கிய ஆணியையும், ஒரு பெட்டியில் கிடந்த வெற்றுத் தோட்டாக்களையுந்தான். அவற்றில் கத்தரி விதையும் மிளகாய் விதையும் போட்டுத் துணியால் அடைத்து வைத்திருந்தார். வெள்ளாமைக்கு வெள்ளாமை மூன்றே மூன்று தோட்டாவைப் பழகுவதற்கென ஒதுக்கி, வரம்பின் அந்தலையில் ஒரு கட்டையின்மேல் சிரட்டையை வைத்துச் சுடுவாராம். தோட்டா விலை அப்படி. யானைக்கு வானத்தை நோக்கித்தான் வெடி. "அதுக்கும் பசிதானே மகன்" என்பார். இன்னொன்றும் சொன்னார்: "வெடி வைக்கிறவனுக்கு முதல்ல தெரிய வேண்டியது எதுக்கு வைக்கக் கூடாது எண்டுதான்."

1990ஆம் ஆண்டு எனக்குப் பத்து வயது. அந்த ஜூன் மாதத்தில் கிழக்கின் பொலிஸ் நிலையங்கள் முற்றுகையிடப்பட்டு, சரணடைந்த பொலிஸார் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டனர். தொடர்ந்து படையினர் வந்தபோது கல்முனைத் தமிழர் பலர் மாண்டனர். ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதே ஆகஸ்டில் வீரமுனையில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர் கொல்லப்பட்டனர். தொழுகையில் நின்றவனின் முதுகும் தஞ்சம் புகுந்தவனின் நெஞ்சும் இலக்காயின. நாங்கள் கட்டிலுக்குக் கீழே படுத்துக்கொண்டு சத்தத்தைக்கொண்டே தூரத்தை அளக்கப் பழகினோம். அம்மா எனது காதுகளைப் பொத்திக்கொள்வார்; அவரது கை நடுங்குவது எனது காதுக்குள் கேட்கும். எனது தந்தையாரும் போடியாரும் அதன் பின் நான்கு ஆண்டுகள் சந்திக்கவில்லை. இரண்டு ஊருக்கும் இடையில் சில மைல் தூரந்தான். சந்தித்த அன்று இருவரும் அழுவார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். அவர்கள் அந்தப் போகத்து விளைச்சலைப் பற்றியே பேசினார்கள். புறப்படும்போது போடியார் மாமா ஒரு தோட்டாக் கூட்டைத் தந்தார். அதில் கத்தரி விதை இருந்தது.

இத்தனையும் நடந்த மண்ணில் பெருநாளுக்கும் தீபாவளிக்கும் பிள்ளைகள் கைகளில் விளையாட்டுத் துவக்கைக் காண்கிறோம். பிளாஸ்டிக் ரவை பட்டுக் கண் கலங்கி வரும் பிள்ளைகளும் உண்டு. குறி என்னவென்று சொல்லிக் கொடுக்காமல் கருவியை மட்டும் வாங்கிக் கொடுத்தால், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் முகமே குறியாகிவிடும். இலக்குச் சுடும் மைதானத்திலோ முதற்பாடம் கருவியின் வாயை ஒருபோதும் மனிதர் பக்கம் திருப்பாதிருப்பது. இரண்டாவது பாடம், சுட முடிவு செய்யும்வரை விசையில் விரலை வைக்காதிருப்பது. இரண்டுமே செய்யாமை பற்றிய பாடங்கள். போடியார் மாமா சொன்னதும் அதுவே.

அதற்காக நமது ஊருக்கு அப்படியொரு மைதானம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்தச் சத்தம் ஆகாத தாய்மார் உயிரோடு இருக்கும்வரை அதை அவர்களது காதுக்குக் கொண்டுவருவது அழகல்ல. ஆனால் அந்தப் பையனின் கேள்வியைத் தட்டிக் கழிப்பதும் அழகல்ல. குறிபார்த்தல் என்பது மனிதன் தன் மூச்சையும் கையையும் மனத்தையும் ஒரு புள்ளிக்குக் கொண்டுவரும் பழம்பெரும் கலை. மருதமுனைத் தறியில் நூலை இழைக்கும் நெசவாளியிடமும் அது உண்டு. யானையின் காலுக்குக் கயிறிட்ட பணிக்கரிடமும் அது இருந்தது. அந்தக் கலையைக் கொலைகாரனுக்கே உரியது என்று விட்டுக்கொடுக்க ஓர் ஆசிரியனால் முடியாது.

சில கிழமைகளுக்குப் பின் வகுப்பில் அவனுக்குப் பதில் சொன்னேன். "அது விளையாட்டுத்தான் தம்பி. ஆனால் ஒரு நிபந்தனை. இலக்கு தாளாகவோ தகரமாகவோ சிரட்டையாகவோ இருக்கும்வரைக்கும் விளையாட்டு. உயிராக மாறின அந்த நிமிசத்தோட விளையாட்டு முடிஞ்சுது." தகாக்ஸின் கதையையும், பொம்மைப் பறவையின் கதையையும், கட்டிவைத்த பறவையின் கதையையும் சொன்னேன். பிறகு கரும்பலகையில் 'சூடு' என்று எழுதி, துவக்கு வராமல் ஒரு வசனம் அமைக்கச் சொன்னேன். தேநீர்ச் சூடு, வெயிற்சூடு என்று சொன்னார்கள். வயற்சூடு எவருக்கும் தெரியவில்லை. வீட்டில் மூத்தவர்களைக் கேட்டு வரும்படி அனுப்பினேன்.

மறுநாள் அந்த மாணவனே முதலில் கையை உயர்த்தினான். தன் மூத்தாப்பாவிடம் கேட்டானாம். கேட்ட சொல்லுக்கு அவர் இரவு பத்து மணிவரை கதை சொன்னாராம். உம்மாவும் பக்கத்தில் வந்து இருந்து கேட்டாவாம். கொப்பியைத் திறந்து வாசித்தான்:

"எங்கள் மூத்தாப்பாவும் பக்கத்து வயல் தம்பிப்பிள்ளை அப்புச்சியும் ஒரே களத்தில் சூடு மிதித்தார்கள்."

வசனத்தில் பிழை இருக்கவில்லை.